எட்டு காவலாளிகளும் ஏலக்கார அத்தானும்

கல்யாணம் ஆன பதினாறு வருஷமா என் அக்கா கும்பிடுற சாமிகிட்ட எல்லாம் ஒரே ஒரு வரம்தான் கேட்டா. "இந்த மனுஷன் ஒரு நாள், ஒரே ஒரு நாள், வாயை மூடிக்கிட்டு இருக்கணும்." அது கிடைச்சப்போ சமையல்கட்டுல குழாயைத் திறந்து விட்டுக்கிட்டு அழுதா. தண்ணிச் சத்தத்துல எனக்குக் கேக்காதுன்னு நெனச்சிருப்பா. எனக்குக் காது நல்லா கேக்கும்.

அந்த மனுஷன், அதாவது என் அத்தான், மொத்தக் காய்கறிச் சந்தையில ஏலம் விடுறவரு. சந்தையில அவருக்கு சைரன்னு பேரு. தக்காளிக் கூடை மேல ஏறி நின்னு "ஒரு தரம்"னு ஆரம்பிச்சாருன்னா, ரெண்டு தெரு தள்ளி என் கடையில ஷட்டர் தூக்கிக்கிட்டு இருக்கிற எனக்கு வெங்காயம் என்ன விலைன்னு தெரிஞ்சிடும். வீட்டுலயும் அதே குரல்தான். "உன்கிட்ட ஒரு ரகசியம் சொல்லணும்"னு அவர் ஆரம்பிச்சா பக்கத்து வீட்டுல டிவி சத்தத்தைக் குறைச்சுட்டுக் கேப்பாங்க. அவரு பொண்ணு குட்டி பொறந்த அன்னைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவுல இவர் போட்ட சந்தோஷக் கூச்சல்ல புள்ளையோட முதல் அழுகையே யாருக்கும் கேக்கல. அந்தக் கதையை அக்கா இன்னைக்கும் சொல்லிச் சொல்லித் திட்டுவா.

நான் அக்காவைவிட ஒம்பது வயசு சின்னவ. கேம் கடையில பழுது பாக்குற மேசை என்னோடது. மிஷினைப் பிரிப்பேன், தூசி தட்டுவேன், சாலிடர் வைப்பேன், வாடிக்கையாளர்கிட்ட சண்டையும் போடுவேன். கோபம் எனக்கு மூக்குக்கு மேல உட்கார்ந்திருக்குன்னு முதலாளி சொல்றாரு. ஜூஸ் கொட்டின கன்ட்ரோலரைக் கொண்டு வந்து "தானா நின்னு போச்சு"ன்னு சொன்னா யாருக்குத்தான் கோபம் வராது?

போன மழைக்காலத்துல அத்தான் குரல் கரகரன்னு ஆச்சு. சளின்னு நெனச்சாரு. ரெண்டு மாசம் கழிச்சு டாக்டர் குழாயை விட்டுப் பார்த்துட்டு, குரல் நாண்ல கடுகளவு ரெண்டு கட்டி இருக்கு, எடுத்துடலாம், பயப்பட ஒண்ணுமில்லைன்னாரு. எடுத்தாச்சு. "ரெண்டு வாரம் ஒரு சத்தம் வரக்கூடாது. கிசுகிசுன்னு பேசுறது அதைவிடக் கெடுதி. மீறிப் பேசினா குரல் போயிடும், அப்புறம் என்கிட்ட வராதீங்க"ன்னு கண்டிப்பா சொல்லி அனுப்பினாரு.

வீட்டுக்கு வந்த முதல் நாளே மூணு தடவை வாயைத் திறந்துட்டாரு. ஒரு தடவை குட்டி ஓடிப் போய் ரெண்டு கையாலயும் பொத்தினா. இன்னொரு தடவை அக்கா துண்டை எடுத்துத் திணிச்சா. மூணாவது தடவை அவரே நாக்கைக் கடிச்சுக்கிட்டாரு. இந்த மனுஷனுக்கு ஒரு காவல் வேணும், அதுவும் இருபத்திநாலு மணி நேரமும் வேணும்னு அக்கா தலையில கை வச்சுக்கிட்டு உட்கார்ந்துட்டா.

அந்த வாரம்தான் கடைக்கு "ஓசைப்படாதவன்" ரெண்டாம் பாகம் வந்திருந்துச்சு. தெரியாதவங்களுக்காகச் சொல்றேன்: நிஞ்சா ஆட்டம். கறுப்புத் துணி கட்டிக்கிட்டு ஓட்டு மேலயும் உத்திரத்து மேலயும் பதுங்கிப் பதுங்கிப் போகணும். கோட்டைக்குள்ள காவலாளிங்க விளக்கோட சுத்துவாங்க. கண்ணுல பட்டா தொலைஞ்சோம். முதல் பாகம் அவ்வளவுதான். ரெண்டாம் பாகத்துல ஒரு புது வினை வச்சிருந்தாங்க. மிஷின்ல ஒரு மைக்கைச் சொருகணும். ஆடுறவங்க உட்கார்ந்திருக்கிற அறையில என்ன சத்தம் வந்தாலும் அது ஆட்டத்துக்குள்ள கேக்கும். நீங்க தும்மினா நிஞ்சா தும்மின மாதிரி. நீங்க பேசினா காவலாளி திரும்பிடுவான்.

இதைக் கேட்டதும் எனக்கு மண்டைக்குள்ள பல்பு எரிஞ்சுச்சு. முதலாளிகிட்ட கெஞ்சிக் கூத்தாடி ஒரு பழைய மிஷினை வாங்கி, பிரிச்சுத் துடைச்சு, ஃபேன் மாத்தி, ஒரு குட்டி மேசை மைக்கைச் சொருகிச் சோதிச்சுப் பார்த்து, எல்லாத்தையும் பெட்டியில போட்டு அத்தான் வீட்டுல கொண்டு போய் வச்சேன். சும்மா குடுக்கல. எங்க கடைச் சுவத்துல ஒரு பலகை இருக்கு. புது ஆட்டம் வந்தா முதல்ல ஆடினவங்க அதுல நாலு வரி எழுதணும். அதைப் படிச்சுட்டுத்தான் மத்தவங்க வாங்குவாங்க. "அத்தான், நீங்க தினமும் அபிப்பிராயம் எழுதிக் குடுக்கணும். அதான் வாடகை"ன்னேன்.

அவரு குட்டியோட சிலேட்டை எடுத்து எழுதினாரு: "எனக்கு இந்த விளையாட்டெல்லாம் தெரியாது."

"பேசாம இருங்க, அது போதும். ஆட்டமே அதுதான்."

முதல் ரெண்டு நாள் வீட்டுக்குள்ள நடந்த கூத்தை எப்படிச் சொல்றது! நிஞ்சா மாட்டிக்கக் கூடாதுன்னு அந்த வீடே நிஞ்சாவாயிடுச்சு. அக்கா வளையலைக் கழட்டி வச்சா. குட்டி செருப்பைக் கையில தூக்கிக்கிட்டு உள்ள வந்தா. பால்காரர் மணி அடிக்கக் கூடாது, கதவைச் சொறியணும்னு உத்தரவு. மூணாம் நாள் அக்கா கைதவறி ஒரு கரண்டியைக் கீழ போட்டா. டங்! அதே நொடியில திரையில ஒரு காவலாளி சட்டுனு திரும்பினான். அத்தான் எழுந்து நின்னுட்டாரு. குட்டி வாயில கையை வச்சுக்கிட்டா. "ஐயோ, கரண்டிச் சத்தம் கூட அவனுக்குக் கேக்குதுடி!"ன்னு அக்கா ஜாடையிலயே என்கிட்ட அலறினா. அதோட சரி. குக்கரை மொட்டை மாடிக்குக் கொண்டு போயிட்டா.

ஒரு தடவை அந்தக் குக்கர் மாடியில இருந்தே நாலு விசில் விட்டுச்சு. எந்தக் காவலாளியும் அசையல. "மாடி தூரம்"னு அத்தான் சிலேட்டுல எழுதினாரு. எனக்கு அப்பவே உறைச்சிருக்கணும். உறைக்கல. அதுக்கு அப்புறம் வர்றேன்.

அபிப்பிராயம் எழுதச் சொன்னேனே, அது எனக்கே வினையாப் போச்சு. மத்தவங்க எல்லாம் "படம் சூப்பர், கத்தி கூர்மை" அப்படின்னு எழுதுவாங்க. நம்ம ஆளு பதினாறு வருஷம் கூடை மேல நின்னு கூட்டத்தைப் பார்த்தவரு. எவன் விலை ஏத்துவான், எவன் சும்மா வேடிக்கை பாக்குறான்னு மூஞ்சியைப் பார்த்தே சொல்லிடுவாரு. அந்தக் கண்ணை வச்சுக்கிட்டு காவலாளிகளைப் பார்த்தாரு. ஒவ்வொருத்தனுக்கும் பேரு வச்சுட்டாரு. படி ஏறும்போது நின்னு நின்னு ஏறுறவன் முட்டிவலி. விளக்கை அணைச்சா முதல்ல திட்டிட்டு அப்புறம் ஏத்துறவன் மாமியார். எந்நேரமும் சுவத்துல சாஞ்சு நிக்கிறவன் அரசாங்கம்.

அவரு சிலேட்டுல எழுதினதைப் பலகையில நான் பார்த்து எழுதினது இது: "முதல் பாகத்தைவிட இதுல இருட்டு நல்லா இருக்கு. முந்தி இருட்டுன்னா கறுப்பு. இப்ப இருட்டுக்குள்ளயும் ஓடு ஓடாத் தெரியுது. மழை பெய்ஞ்சா ஓடு வழுக்கும், ஆனா மழைச் சத்தத்துல நாம ஓடலாம். அணைச்ச விளக்கை அப்படியே விடாம, திரும்ப வந்து ஏத்துறானுங்க. அதனால இவனுங்க பொம்மை இல்ல, ஆளுங்க. கத்தியை எடுக்க எனக்கு மனசு வரல. முட்டிவலிக்கு வீட்டுல யாரு இருக்காங்களோ."

இன்னொரு நாள்: "கோட்டைக்குள்ள ஒரு சந்தை வருது. முட்டைக்கோசு மூட்டையை அடியில நசுங்கப் போட்டு மேல பூசணியை அடுக்கி இருக்கானுங்க. இவனுங்க எவனும் சந்தைக்கே போனதில்ல."

கடையில இதைப் படிக்க ஒரு கூட்டமே வர ஆரம்பிச்சுச்சு. "இன்னைக்கு முட்டிவலி எப்படி இருக்காரு?"ன்னு கேட்டுட்டுப் போவாங்க. முதலாளிக்கு வாயெல்லாம் பல்லு.

ரெண்டு வாரம் முடிஞ்சுது. ஆறிடுச்சு, இனிமே மெதுவா பேசிப் பழகலாம், காலையில பத்து நிமிஷம் "ம்ம்"னு முனகுங்கன்னு டாக்டர் சொன்னாரு. அத்தான் தலையை ஆட்டினாரு. வீட்டுக்கு வந்தாரு. முனகல. சிலேட்டை எடுத்தாரு. "இந்தக் கட்டம் முடியட்டும்."

மூணு வாரம். நாலு வாரம். கட்டம் மாறிச்சு, அவர் வாய் திறக்கல. ஆறாவது வாரம் டாக்டர் மறுபடி குழாயை விட்டுப் பார்த்து, "கட்டி இருந்த தடமே இல்ல. குரல் பத்திரமா இருக்கு. நீங்க ஏலம் கூவிப் பார்க்கலாம், சத்தமாவே கூவலாம், நாள் பூரா கத்தாம இருந்தா சரி"ன்னு சொல்லிட்டாரு. அப்பவும் பேசல.

அக்காவுக்குப் பொறுமை போச்சு. "ஏங்க, எனக்காக ஒரு வார்த்தை. திட்டவாவது செய்யுங்க!"ன்னு கெஞ்சினா. அவரு டிவி பக்கம் திரும்பிக்கிட்டாரு. அன்னைக்குத்தான் அவ குழாயைத் திறந்து விட்டது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்ல. நேரா போய் ஆட்டத்தை நிறுத்திட்டுத் திரைக்கு முன்னால நின்னுக்கிட்டேன். "அத்தான், என்ன நெனச்சுக்கிட்டு இருக்கீங்க? திங்கக்கிழமை மாசம் முடியுது. மண்டிக்காரர் என்ன சொல்லி இருக்காருன்னு ஞாபகம் இருக்கா? திங்கக்கிழமை காலையில கூடை மேல நீங்க ஏறலைன்னா, உங்களுக்குப் பதிலா இப்ப கையில மைக்கைப் பிடிச்சுக்கிட்டுக் கத்துறானே, அவன்தான் இனிமே நிரந்தரம். பதினாறு வருஷத்து இடம், அத்தான்!"

அவரு கன்ட்ரோலரைக் கீழ வச்சுட்டு சிலேட்டை எடுத்தாரு. ஒரு வரி எழுதி அழிச்சாரு. அப்புறம் எழுதினாரு: "பேசாத வரைக்கும் குரல் இருக்கு. பேசிப் பார்த்து இல்லைன்னு தெரிஞ்சா?"

திரைக்கு முன்னால இருந்து விலகி அவரு பக்கத்துல உட்கார்ந்தேன். இந்த ஆளு ஆட்டத்துக்குள்ள மட்டும் ஒளியல, வீட்டுக்குள்ளயே ஒளிஞ்சுக்கிட்டு இருக்காருன்னு அப்பத்தான் புரிஞ்சுது. பாவமா இருந்துச்சு. அவரைக் கட்டிப்பிடிச்சு அழணும் போல இருந்துச்சு, ஆனா எங்க குடும்பத்துல அதெல்லாம் பழக்கம் இல்லாததால "சரி, ஆடுங்க"ன்னு மட்டும் சொன்னேன்.

ஆனா எனக்கு ஒண்ணு தெரியும், அவருக்குத் தெரியாது. நான் அந்த ஆட்டத்தைக் கடையில ஏற்கெனவே முடிச்சிருந்தேன். அதோட கடைசிக் கட்டத்துல நிஞ்சாவோட தங்கச்சி ஒரு பாலத்தைக் கடக்கணும். பாலத்துல எட்டு காவலாளிங்க. நிஞ்சா எதிர் ஓட்டு மேல. ஒளியவும் வழி இல்ல, கத்தியும் உதவாது. அப்ப திரையில ஒரே ஒரு வரி வரும்: "இப்போது கத்து." முதல்ல இருந்து மூச்சு விடாதே, மூச்சு விடாதேன்னு உயிரை வாங்கின ஆட்டம், கடைசியில கத்தச் சொல்லும். நாம கத்தினா எட்டு பேரும் நம்ம பக்கம் திரும்புவாங்க, தங்கச்சி ஓடித் தப்பிச்சுடுவா. நான் கத்தினப்போ முதலாளி பின்னறையில இருந்து பூரிக்கட்டையோட ஓடி வந்தாரு. அந்த மனுஷன் பூரிக்கட்டையைக் கடையில எதுக்கு வச்சிருந்தாருன்னு இன்னும் சொல்லல.

அதனால நான் ஒண்ணும் சொல்லாம, "சனிக்கிழமைக்குள்ள முடிச்சுடுங்க அத்தான், பலகையில எல்லாரும் முடிவு கேக்குறாங்க"ன்னு மட்டும் விரட்டினேன்.

சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுட்டு உட்கார்ந்தோம். குட்டி அவரு மடிக்குப் பக்கத்துல. அக்கா கதவோரமா கீரை ஆய்ஞ்சுக்கிட்டு. பாலம் வந்துச்சு. முட்டிவலி நின்னான், மாமியார் நின்னான், அரசாங்கம் கைப்பிடிச் சுவத்துல சாஞ்சான். எட்டு பேரு. தங்கச்சி தூணுக்குப் பின்னால நடுங்கிக்கிட்டு இருந்தா. திரையில வந்துச்சு: "இப்போது கத்து."

அத்தான் என்னைத் திரும்பிப் பார்த்தாரு. துரோகின்னு பார்த்த மாதிரிதான் இருந்துச்சு. நான் கூரையைப் பார்த்தேன்.

"அப்பா, தங்கச்சியைப் பிடிச்சுடுவாங்கப்பா"ன்னா குட்டி.

அவரு நெஞ்சு ஏறி இறங்கிச்சு. வாயைத் திறந்தாரு. "ஏய்"னு ஒரு சத்தம் வந்துச்சு. சத்தம்னு சொல்ல முடியாது, துருப்பிடிச்ச கீல் மாதிரி இருந்துச்சு. ஆறு வாரம் கழிச்சு வந்த முதல் குரல் அது. அக்கா கையில இருந்த கீரை அப்படியே நின்னுச்சு.

ஒரு காவலாளியும் திரும்பல.

"ஏய்!" கொஞ்சம் பெருசா. யாரும் அசையல. அரசாங்கம் கொட்டாவி விட்டான்.

அத்தான் முகம் விழுந்துச்சு பாருங்க, என் ஜென்மத்துக்கும் மறக்காது. குரல் போயிடுச்சுன்னு முடிவே பண்ணிட்டாரு. கரண்டிச் சத்தம் கேட்ட காதுக்கு இவரு குரல் கேக்கல. கையை ஓங்கி மேசையில ஒரு குத்து விட்டாரு. மைக் கவுந்து என் பக்கம் உருண்டு வந்துச்சு. அதோட அடிப்பாகத்துல குண்டுமணி அளவுக்கு ஒரு ஸ்விட்ச். அது அணைஞ்சு கிடந்துச்சு.

அணைச்சது நான்தான்.

எங்க கடையில ஒரு பழக்கம் உண்டு. எந்த மிஷினைச் சோதிச்சாலும் பெட்டியில போடுறதுக்கு முன்னால மைக்கை அணைச்சுடுவோம். ஒரு தடவை அணைக்காமக் குடுத்து, ஒரு வாடிக்கையாளர் வீட்டுப் புருஷன் பொண்டாட்டி சண்டை ஆட்டத்துல இருந்த முப்பது பேருக்கும் கேட்டு, பெரிய வம்பாப் போச்சு. அதுல இருந்து என் கை தானா அணைச்சுடும். எனக்கே தெரியாது. அத்தான் மிஷினுக்கும் அதைத்தான் செஞ்சிருக்கேன். ஆறு வாரமா அந்த மைக் செத்துக் கிடந்திருக்கு. கரண்டி விழுந்தப்போ அவன் திரும்பினது அவன் பாட்டுக்குத் திரும்பினது. குக்கர் மாடி ஏறினது, பால்காரர் கதவைச் சொறிஞ்சது, அக்கா வெறுங்கையா நின்னது, எல்லாமே தண்டம்!

கை நீட்டினேன். ஸ்விட்சைப் போட்டா இந்தத் தொண்டைக்கே எட்டு பேரும் திரும்பிடுவானுங்க. இவரும் அதோட நிறுத்திடுவாரு. துருப்பிடிச்ச கீல்தான் தன் குரல்னு நம்பிக்கிட்டே நாளைக்கும் சிலேட்டைத் தூக்குவாரு. நீட்டின கையை இழுத்துக்கிட்டேன். எனக்கு இருக்கிற வாய்க்கு அன்னைக்குப் பேசாம இருந்தது பெரிய சாதனை.

"அத்தான், உங்க குரல் நல்லாத்தான் இருக்கு. அவனுங்க கூட்டமா நிக்கிறானுங்க, கவனிக்கல. சந்தையில கூட்டம் கவனிக்கலைன்னா என்ன செய்வீங்க?"

அவரு திரையைப் பார்த்தாரு. பார்த்துக்கிட்டே இருந்தாரு. ஆறு வாரம் அவனுங்களுக்காக மூச்சை அடக்கினவரு. ஒருத்தனைக் கூடக் குத்தாம, முட்டிவலிக்குப் பாவம் பார்த்து சுத்திப் போனவரு. அந்த நன்றி கெட்டவனுங்க திரும்பிக் கூடப் பாக்கலைன்னா? சுர்ருனு ஏறிடுச்சு. நாற்காலி மேல ஏறி நின்னுட்டாரு.

"டேய் முட்டிவலி! காது என்ன அடமானமா வச்சிருக்கே? ஏய் அரசாங்கம், நிமிர்ந்து நில்லுடா! ஒரு தரம்!"

கரகரப்புதான். ஆனா உள்ள இருந்து வந்துச்சு. சன்னல் பக்கம் இருந்த புறா பறந்துச்சு.

"ரெண்டு தரம்!"

இது சந்தைக் குரல். பக்கத்து வீட்டுல டிவி சத்தம் குறைஞ்சுது. அக்கா எழுந்து நின்னுட்டா, மடியில இருந்த கீரை எல்லாம் கீழ கொட்டிக் கிடந்துச்சு. எனக்குக் கண்ணு மறைச்சுது. தடவித் தடவி அந்த ஸ்விட்சைப் போட்டேன்.

"மூணு தரம்!"

எட்டு காவலாளிகளும் ஒண்ணா இந்தப் பக்கம் திரும்பினாங்க. சாஞ்சே நிக்கிற அரசாங்கம் கூட சுவத்தை விட்டு நிமிர்ந்துட்டான். தங்கச்சி பாலத்துல ஓடினா, ஓடினா, அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்துட்டா. குட்டி குதிச்ச குதியில சிலேட்டு உடைஞ்சுது. அதை யாரும் கண்டுக்கல. தெருவுல இருந்து யாரோ, "சைரன் வந்தாச்சா?"ன்னு கேட்டாங்க.

"வந்தாச்சு!"ன்னு அத்தான் சன்னல் வழியா பதில் சொன்னாரு. சொல்லிட்டு நாற்காலியிலயே உட்கார்ந்து, தொண்டையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கிட்டு, சின்னப் புள்ள மாதிரி அழுதாரு. அழுகையும் சத்தமாத்தான்.

மைக் விஷயத்தை நான் இது வரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடல. இதைப் படிக்கிற நீங்களும் விடக்கூடாது. எங்க பலகையில அத்தான் தன் கையால எழுதின கடைசி அபிப்பிராயம் இன்னும் இருக்கு: "ரொம்ப நல்ல ஆட்டம். எல்லாரும் வாங்கலாம். ஒரே ஒரு குறை, காவலாளிகளுக்குக் காது மந்தம். மூணு தரம் கூப்பிட்டாத்தான் திரும்புறானுங்க." அதை நம்பி வாங்கிட்டுப் போனவங்க எல்லாம் திரும்பி வந்து, "என்னங்க, எங்களை ஒரு இருமலுக்கே பிடிச்சுடுறான்!"னு என்கிட்ட சண்டைக்கு நிக்கிறாங்க. வாழ்க்கையில முதல் தடவையா நான் பதில் பேசாம வாங்கிக்கிறேன்.

திங்கக்கிழமை காலையில ஷட்டரைத் தூக்கிக்கிட்டு இருந்தேன். வெங்காயம் என்ன விலைன்னு தெரிஞ்சுது. அப்படியே படியில உட்கார்ந்து, தக்காளி, கத்திரிக்காய், முட்டைக்கோசு வரைக்கும் கேட்டேன். அக்காகிட்ட இருந்து போன் வந்துச்சு.

"அடியே, உங்க அத்தான் குளிக்கும்போதே ஏலத்தை ஆரம்பிச்சுட்டாருடி. காது ஜவ்வு கிழிஞ்சுது. எதிர்வீட்டுக் கைக்குழந்தை எழுந்து அழுவுது. இந்த மனுஷனுக்கு வாயே நோகாதா? இந்த வாயை மூட யாருமே இல்லையா?"

பின்னால குழாய்ச் சத்தம் எதுவும் கேக்கல. நல்லா காது குடுத்துக் கேட்டேன். வளையல் சத்தம்தான் கேட்டுச்சு.